தாயைக் காட்டுங்கள்: லூசி சட்டமும் நல்ல பிரீடர்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

லூசி ஒரு கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். நீண்ட காதும் பெரிய கண்ணும் உள்ள, மடியில் ஏறி உட்காரவென்றே பிறந்த மாதிரியான சின்ன நாய். 2013-இல் வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து அதை மீட்டபோது அதற்கு ஐந்து வயது இருக்கும். முதுகெலும்பு வளைந்திருந்தது. நிமிர்ந்து நிற்க இடமில்லாத கூண்டில் வருஷக்கணக்கில் அடைந்து கிடந்ததன் விளைவு அது. இடுப்பெலும்புகள் ஒட்டிப்போயிருந்தன. உடம்பில் அங்கங்கே முடி கொட்டி வெறும் தோல் தெரிந்தது. கண்ணில் ஈரம் வற்றியிருந்தது, வலிப்பும் இருந்தது. ஈத்துமேல் ஈத்தாகக் குட்டி போட்டு, இனி உடம்பில் தெம்பில்லை என்று ஆன பிறகுதான் அது வெளியே வந்தது.

ஒரு பெண் அதைத் தத்தெடுத்துத் தன் வீட்டு நாயாக வளர்த்தார். மூன்று வருஷத்துக்கும் மேல் அது நன்றாக வாழ்ந்தது. 2016 டிசம்பரில் இறந்தது. அதன் பெயரைச் சூட்டிய சட்டம் 2020 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. பிறந்து ஆறு மாதம் ஆகாத நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகர் யாரும் வியாபாரமாக விற்கக்கூடாது. வாங்குகிறவர் நேராகப் பிரீடரிடம், அதாவது தாயை வைத்துக் குட்டி எடுப்பவரிடம், போக வேண்டும், இல்லையென்றால் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிரச்சாரம் செய்தவர்களையும் பாராளுமன்றத்தையும் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்க்க விரும்புவது வேறொரு தரப்பை. ஒழுங்காக நாய் வளர்த்து, ஒழுங்காகக் குட்டி கொடுக்கும் பிரீடர்கள். அந்தச் சட்டத்தின் மையக் கருத்தே அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதையும் சொல்கிறேன்.

தாய் எங்கே?

வேல்ஸின் மேற்குப் பகுதியில், கார்மார்தன்ஷயர், கெரெடிகியன் போன்ற மாவட்டங்களில், மாட்டுப் பண்ணை வருமானம் சுருங்கிய காலத்தில் சிலர் தொழுவத்தை நாய்க் கூண்டுகளாக மாற்றினார்கள். பன்றியும் கோழியும் வளர்த்த கொட்டகையில் ஸ்பானியலும் புல்டாக்கும் வந்தன. அங்கே இதற்குப் பெயர் குட்டிப் பண்ணை. அமெரிக்காவில் பப்பி மில் என்பார்கள். மில் என்ற சொல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் தீனி போகிறது, மறு பக்கம் குட்டி வருகிறது, நடுவில் இருக்கும் உயிர் யாருக்கும் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து. பரிசோதனை, மருத்துவர் செலவு, நல்ல தீனி, பார்த்துக்கொள்ள ஆள், இவை எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தால் ஒவ்வொரு ஈத்தும் லாபம். குட்டிகளைச் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்து வேனில் ஏற்றி இடைத்தரகரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் கடையிலோ, வாடகை வீட்டிலோ, இணைய விளம்பரத்திலோ விற்பார். வாங்குகிற குடும்பம் பார்ப்பது குளித்துத் துடைத்த குட்டியை மட்டும். லூசியைப் போன்ற தாயை அவர்கள் பார்த்திருந்தால் எத்தனை பேர் பணத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள்?

இந்தத் தொழில் முழுக்க ஒரே ஒரு மறைப்பில்தான் நிற்கிறது. தாயைக் காட்டாமல் குட்டியை விற்க முடிய வேண்டும், அது முடிந்தால் போதும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பக் இன நாய்க்குட்டி வாங்கினோம். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் வைத்துக் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து நாள் குட்டி என்றார்கள். பல்லைப் பார்த்த மருத்துவர் ஐந்து வாரம்கூட இருக்காது என்றார். நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தபேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் முன்னங்கால் குளிர்ந்துகொண்டு வந்ததை என் மகள் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விற்றவருக்குப் போன் செய்தேன். "சரி, வேற குட்டி தர்றேன் சார்" என்றார். அவர் எரிந்துகூட விழவில்லை. பழுதான டார்ச் லைட்டுக்கு மாற்றுத் தருகிற குரல். அந்தக் குட்டியின் தாய் எங்கே இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

சமையலறையில் ஒரு பெட்டி

இனி மறுபக்கம். இங்கிலாந்தில் ஒழுங்கான பிரீடர் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்போம். கவலியர் இனத்தையே எடுத்துக்கொள்கிறேன், லூசியின் இனம் என்பதால்.

குட்டி எடுக்கும் யோசனை வந்ததுமே அவர் ஆண் நாயைத் தேடிப் போவதில்லை. முதலில் போவது இதய மருத்துவரிடம். கவலியருக்கு இதய வால்வு நோய் பரம்பரையாக வருகிறது. வயதான கவலியரில் அது இல்லாத நாயைப் பார்ப்பதே அரிது. அதனால்தான் தாய்க்கு இரண்டரை வயதாவது ஆகட்டும், அதன் பெற்றோரின் இதயம் ஐந்து வயதிலும் சுத்தமாக இருந்ததா என்று பார்த்துவிட்டு இணை சேருங்கள் என்ற வழிமுறை 1990-களின் இறுதியிலேயே சொல்லப்பட்டது. அடுத்து மூளையும் தண்டுவடமும். இந்த இனத்தில் மண்டை ஓடு மூளைக்குப் போதாத அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கிறது. அதனால் தண்டுவடத்தில் நீர்க்கட்டிகள் உருவாகி, கழுத்தைத் தொட்டாலே துடிக்கிற வலி வரும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் திட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கமும், வம்சாவளி நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பும் 2012-இல் தொடங்கின. இவ்வளவையும் பார்த்து, ஒன்றில் தவறினாலும் அந்தப் பெட்டையை வெறும் செல்ல நாயாக வைத்துக்கொண்டு குட்டி எடுக்காமல் விடுகிறவர்தான் பிரீடர் என்ற சொல்லுக்கு உரியவர்.

சரி, எல்லாம் தேறியது, சினையும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே, ஆள் நடமாட்டமுள்ள சமையலறை மூலையில், ஈனுவதற்கு ஒரு மரப்பெட்டி. உள்சுவரைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் சட்டம் அடித்திருப்பார்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் வெப்பவிளக்கு. ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வேறு வேறு நிற நூல். தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் வைத்து எடை பார்த்து நோட்டில் எழுதுவார்கள். சிவப்பு நூல், பச்சை நூல், மஞ்சள் நூல் என்று வரிசையாக. நீல நூலுக்கு இரண்டு நாளாக எடை ஏறவில்லை என்றால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டிப்பால்.

பத்து நாளுக்கு மேல் கண் திறக்கும். அப்புறம் காது கேட்கத் தொடங்கும். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் வாழ்நாள் சுபாவத்தை உருவாக்குகின்றன. நல்ல பிரீடர் வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போடுவார், மிக்சியை ஓடவிடுவார், பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். மில்லில் பிறந்த குட்டி இதே வாரங்களைக் கொட்டகை இருட்டிலும் வேனிலும் கழிக்கிறது. வளர்ந்த பிறகு பட்டாசுக்கு நடுங்கும், வருகிறவரைக் கடிக்கும், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டும். வாங்கியவர்கள் நாயைத்தான் குறை சொல்வார்கள்.

குட்டி பார்க்க வருகிறவரிடம் பிரீடர் கேட்கும் கேள்விகளுக்குத் தனிக் கட்டுரை எழுதலாம். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? வேலி எவ்வளவு உயரம்? இதற்கு முன் வளர்த்த நாய் எத்தனை வயதில், எப்படிச் செத்தது? பதில் பிடிக்கவில்லை என்றால் கொடுக்க மாட்டார். பிடித்தாலும் பல மாதம் காத்திருக்கச் சொல்வார். கொடுக்கும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு வரி: எந்த வயதில், எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாயை என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். தான் உலகத்துக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு நாய்க்கும் சாகும்வரை பொறுப்பு என்று ஒருவர் எழுதித் தருகிறார். நாய்க் காப்பகங்கள் நிரம்பி வழியாமல் இருக்க இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிரைட்டன் மருத்துவர்

மார்க் ஏப்ரகாம் பிரைட்டன் நகரத்துக் கால்நடை மருத்துவர். பார்வோ கண்ட மில் குட்டிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, இந்த வைத்தியம் வேறு இடத்தில் செய்ய வேண்டியது என்று முடிவுசெய்தவர். 2009-இல் பப் எய்ட் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2014 செப்டம்பரில், ஒரு லட்சம் கையெழுத்துக்கு மேல் பெற்ற மனுவின் பேரில் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 2016 நவம்பரில் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரங்களுக்கான எம்.பி.க்கள் குழு, இடைத்தரகர் விற்பனையைத் தடைசெய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. தடை போட்டால் வியாபாரம் கள்ளச்சந்தைக்குப் போய்விடும் என்றது. பெரிய விலங்குநல அமைப்புகளிலேயே சில, தடை மட்டும் போதாது, ஓட்டைகள் இருக்கும் என்று தயங்கின.

அந்தத் தயக்கத்தை உடைத்த வாதம் மிக எளிமையானது. பொறுப்புள்ள எந்த பிரீடரும் தன் குட்டியை இடைத்தரகரிடம் கொடுக்க மாட்டார். யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் கொடுக்க அவருக்கு மனம் வராது. ஆகவே இடைத்தரகரைத் தடைசெய்தால் நல்ல பிரீடர் ஒருவருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை, அடி விழுவது மில்காரருக்கும் தரகருக்கும் மட்டுமே. தொழிலை முடக்குகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி இந்த வாதம் கதவை அடைத்தது. நல்ல பிரீடர்கள் மேடை ஏறிப் பேசினார்களோ இல்லையோ, அவர்கள் பல தலைமுறையாகக் கடைப்பிடித்த வழக்கமே சாட்சியாக நின்றது. முன்பே நான் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்: லூசி சட்டம் புதிதாக ஒரு நெறியைக் கண்டுபிடிக்கவில்லை, நல்ல வீடுகளில் இருந்த நெறியை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

2017 டிசம்பரில் லூசியின் பெயரில் பிரச்சாரம் தொடங்கியது. 2018-இல் புதிய மனுவுக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தது. மே மாதம் விவாதம். ஆகஸ்டில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் கோவ் தடையை நோக்கிப் போகப்போவதாக அறிவித்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அது உறுதியானது. படங்களில் தெரிந்த அந்த வளைந்த முதுகு, புள்ளிவிவரங்களால் முடியாததைச் செய்தது.

இதற்கு இணையாக 2018 அக்டோபர் முதல் இன்னொரு விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வந்தது. சத்தமில்லாமல் வந்தாலும் என் கணிப்பில் அதே அளவு முக்கியமானது. அதுவரை வருஷத்துக்கு ஐந்து ஈத்து எடுப்பவருக்குத்தான் உரிமம் தேவைப்பட்டது, அது மூன்றாகக் குறைந்தது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. வாங்குகிறவர் குட்டியைத் தாயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் இணை சேர்க்கக்கூடாது, பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஆறுக்கு மேல் கூடாது. இரண்டு ஈத்துக்கு சிசேரியன் ஆகியிருந்தால் அப்புறம் இணை சேர்க்கவே கூடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் ஆறு ஈத்து வரை விட்டது. கென்னல் கிளப் 2012-லேயே ஒரு பெட்டைக்கு நான்கு ஈத்துக்கு மேல் பதிவு செய்வதில்லை என்று வரம்பைக் குறைத்திருந்தது. துறைக்குள்ளிருந்து வந்த கட்டுப்பாடு, அரசின் கட்டுப்பாட்டைவிடக் கண்டிப்பாக இருந்த அரிய இடம் இது.

சான்றிதழ் மட்டும் போதாது

ஆனால் வம்சாவளி நாய் உலகம் சுத்தமான கையோடு இந்தக் கதைக்குள் வரவில்லை. 1873-இல் தொடங்கிய கென்னல் கிளப், மிக நீண்ட காலம் பரம்பரையைப் பதிவு செய்தது, ஆரோக்கியத்தைக் கேட்கவில்லை. கிளப் பதிவு என்ற காகிதத்துக்கு இந்த நாயின் பாட்டன் பூட்டன் யார் என்று மட்டும்தான் தெரியும். பதிவுக் கட்டணம் கட்டினால் பண்ணைக் குட்டிக்கும் அதே காகிதம் கிடைத்தது. மில்காரர்கள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். "பேப்பர் இருக்குங்க" என்ற அந்த ஒற்றை வார்த்தை நம் ஊரிலும் அப்படியே பிழைத்திருக்கிறது.

2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் இதைப் போட்டு உடைத்தது. தண்டுவட நோய் உள்ள கவலியர் ஒன்று கண்காட்சியில் பரிசு வாங்கியதையும், நோய் தெரிந்த பிறகும் அதை இணை சேர்க்கப் பயன்படுத்தியதையும் நாடே பார்த்தது. பிபிசி அடுத்த வருஷம் கென்னல் கிளப்பின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பவில்லை. பேராசிரியர் பேட்ரிக் பேட்சன் தலைமையில் ஒரு விசாரணை நடந்து, 2010-இல் அறிக்கை வந்தது. எம்.ஆர்.ஐ. திட்டமும் ஈத்து வரம்பும் இதற்குப் பிறகு வந்தவையே.

பரிசுக் கோப்பைக்காக நோயைக் கடத்துகிற கண்காட்சி பிரீடருக்கும், காசுக்காகக் கூண்டில் அடைக்கிற மில்காரருக்கும் நோக்கத்தில் வித்தியாசம் இருக்கலாம். குட்டியின் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நார்வேயில் இந்த விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2022-இல் ஆஸ்லோ நீதிமன்றம் கவலியர், இங்கிலீஷ் புல்டாக் இரண்டு இனங்களிலும் குட்டி எடுப்பதே விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது, கவலியர் மீதான முடிவை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அன்பாக வளர்த்தால் மட்டும் பொறுப்புள்ளவர் ஆகிவிட முடியாது என்பதை அந்த நாட்டு பிரீடர்கள் மிகக் கடினமான வழியில் கற்றார்கள்.

மாறியவர்களும் உண்டு. கென்னல் கிளப் 2004-இல் பிரீடர்களுக்குத் தர உறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2013 முதல் அரசு அங்கீகாரம் பெற்ற தரச்சான்று முறையோடு இணைத்தது. நேரில் போய்ச் சோதனை, கட்டாயப் பரிசோதனைகள், விற்ற பிறகும் உதவி. சேர்ந்தவர்கள் மொத்தத்தில் சிறுபான்மையே. ஆனாலும், நல்லவர் யார் என்று வாங்குகிறவருக்கு அடையாளம் காட்ட ஏதோ ஒன்று கிடைத்தது. விலங்குநல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வும் கால்நடை மருத்துவர்களின் அறக்கட்டளையும் சேர்ந்து தயாரித்த குட்டி ஒப்பந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளலாம். பேரம் பேசும்போது அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினால் போதும், எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சட்டம் வந்த மாதம்

2020 மார்ச் 23-இல் பிரிட்டனில் ஊரடங்கு. இரண்டு வாரம் கழித்து லூசி சட்டம். இதைவிட மோசமான நேரம் அமைந்திருக்க முடியாது. வீட்டில் அடைபட்ட ஒரு நாடே ஒரே நேரத்தில் நாய்க்குட்டி கேட்டது. விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. நேரில் வந்து தாயைப் பாருங்கள் என்று சொல்லும் சட்டம், வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்று சொல்லும் சட்டத்தோடு மோதியது.

லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, 2019-இல் குட்டி வாங்கியவர்களையும் 2020 ஊரடங்கில் வாங்கியவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்களில் சுமார் ஐந்தில் நான்கு பேர் குட்டியை நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள். பின்னவர்களில் அது சுமார் ஐந்தில் மூன்றாக இறங்கியது. மருத்துவப் பரிசோதனை செய்த பிரீடரைத் தேடியவர்களும் குறைந்தார்கள்.

ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தரகர்கள் சில நாளுக்கு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஏதோ ஒரு பெட்டை நாயைக் கம்பளத்தில் படுக்கவைத்து, இதுதான் தாய் என்றார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குட்டிகள் வேனில் வந்தன. பன்னிரண்டு வாரம் ஆன பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால், பதினைந்து வாரத்துக்குக் குறைந்த குட்டி சட்டப்படி வந்திருக்கவே முடியாது. அப்படியும் போலிக் கடவுச்சீட்டோடு அதைவிடச் சின்னக் குட்டிகள் எல்லையில் பிடிபட்டன. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. லூசி சட்டம் பெரிய பண்ணையைத் தடைசெய்யவில்லை. உரிமம் வாங்கி, நேராக விற்றால் நூறு நாய் வைத்திருப்பவரும் சட்டப்படி பிரீடர்தான். வேல்ஸில் 2015 முதல் இருந்த விதியின்படி இருபது வளர்ந்த நாய்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். உரிமம் பெற்ற பண்ணைகளே எந்த நிலையில் இருக்கின்றன என்று 2019-இல் பிபிசி வேல்ஸ் காட்டிய பிறகுதான் அங்கே அரசு அசைந்தது. 2021 செப்டம்பரில் வேல்ஸும் இடைத்தரகர் விற்பனையைத் தடைசெய்தது. அதே மாதம் ஸ்காட்லாந்திலும் தடை வந்தது.

சங்கடமான கணக்கு

இந்த நிகழ்வை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் நான் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். நல்ல பிரீடர் வருஷத்துக்கு ஒரு ஈத்து எடுப்பார், சில வருஷம் அதுவும் இல்லை. அவர் செய்வதைச் சரியாகச் செய்தால் லாபம் மிஞ்சாது. எம்.ஆர்.ஐ., இதயப் பரிசோதனை, ஆண் நாய்க்கான கட்டணம், சிக்கலானால் அறுவை சிகிச்சை, எட்டு வாரத் தூக்கம். பலர் இதைத் தங்கள் சம்பளத்திலிருந்து செய்கிறார்கள். அவர்களால் ஒரு நாட்டின் தேவையை நிரப்ப முடியாது. அவர் "ஆறு மாதம் காத்திருங்கள்" என்று சொல்லி அனுப்பும் குடும்பம், அன்று மாலையே போனில் தேடி, சனிக்கிழமை டெலிவரி என்று சொல்பவரிடம் போய் நிற்கிறது.

அதனால் நல்ல பிரீடரின் வேலை குட்டி கொடுப்பதோடு முடிவதில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பும்போது எங்கே போகக்கூடாது என்று சொல்லி அனுப்புவதும், நம்பிக்கையான இன்னொருவரின் பெயரைக் கொடுப்பதும், உங்கள் வீட்டுக்கு இந்த இனம் வேண்டாம், காப்பகத்தில் போய்ப் பாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்வதும் அவர் வேலைதான். பிரிட்டனில் பல இனச் சங்கங்கள் தங்கள் இனத்துக்கென்றே மீட்புப் பிரிவு வைத்திருக்கின்றன. மில்லில் வதைபட்டு வெளியே வரும் நாய்களை அவர்களே எடுத்து, தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள். தாங்கள் உண்டாக்காத குப்பையைத் தாங்களே அள்ளும் அந்த மனிதர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் பக்கத்து நாய்க் கொட்டகையில் நடப்பது தெரிந்தும், நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்ட பிரீடர்களும் நிறைய. யார் எத்தனை நாய் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரிக்கு முன்பே தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

நம் பக்கம்

இந்தியாவில் 2017-இல் விலங்குவதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகள் வந்தன. பிரீடர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் விற்கக்கூடாது. பெட்டைக்கு பதினெட்டு மாதம் ஆக வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈத்துதான். காகிதத்தில் பார்த்தால் தாயின் வயது விஷயத்தில் இங்கிலாந்தைவிட நம் விதி கண்டிப்பானது. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நானும் கேட்டதில்லை.

பக் குட்டி இறந்து பல வருஷம் கழித்து, போன மாதம்தான் மகள் மறுபடி நாய் கேட்டாள். இப்போது வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறது. விளம்பரம் பார்த்து நான்கு பேருக்குப் போன் செய்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: தாயைப் பார்க்கலாமா? ஒருவர் தாய் ஊரில் இருக்கிறது என்றார். ஒருவர் வீடியோ அனுப்புகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. மூன்றாமவர் போனை வைத்துவிட்டார்.

நான்காமவர் கோவில்பட்டிப் பக்கம் சிப்பிப்பாறை வளர்க்கும் பெரியவர். "வாங்க தம்பி, வந்து பாருங்க" என்றார். போனோம். வேப்பமரத்தடியில் தாய் நாய் படுத்திருந்தது. எழுந்து வந்து என் மகளின் கையை முகர்ந்துவிட்டு, பெரியவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டி ஒன்றும் இல்லை. போன ஈத்து போய்விட்டது, இந்தப் பருவம் விடப்போகிறேன், அது உடம்பு தேறட்டும் என்றார். அப்புறம் அவர் கேட்கத் தொடங்கினார். காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம்? பகலில் கட்டிப் போடுவீர்களா? ஓட இடம் உண்டா? முன்னால் வளர்த்த நாய் என்ன ஆனது?

கடைசிக் கேள்விக்கு மகள்தான் பதில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தை கழியட்டும் பாப்பா, பார்ப்போம்" என்றார். சுவரை இரண்டு வரி உயர்த்தச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார்.